ஆன்மா வேறு, ஆள் வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மனிதர் என்பவர் யார் என்ற கேள்விக்குச் சமயங்கள் தரும் விடைகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்துகொண்டிருக்கும் தொடரில், கிறித்தவத்துக்கு ஒதுக்கிய கட்டுரையைப் படித்தோம். நல்ல முயற்சி. ஆனால் அடித்தளமான வாக்கியத்திலேயே பிசகு இருக்கிறது. கிறித்தவப் பார்வையில் மனிதர் என்பது உடல் என்னும் கூட்டில் குடியிருக்கும் அழியாத ஆன்மா என்கிறது கட்டுரை. அது பிளேட்டோவின் கருத்து. கிறித்தவ இறையியல் பிளேட்டோவிடம் நிறையக் கடன் வாங்கியது உண்மைதான். இந்த ஒன்றைப் பலமுறை வாங்கப் பார்த்து, கடைசியில் திருப்பிக் கொடுத்துவிட்டது. இரங்கல் உரைகளில் குருக்களும் போதகர்களுமே "கூட்டைவிட்டுப் பறந்தார்" என்று பேசிப் பழகியிருக்கும்போது கட்டுரையாளரை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது.

பிசகு தொடங்குவது மொழிபெயர்ப்பில். பழைய ஏற்பாட்டின் எபிரேயத்தில் 'நெஃபேஷ்' என்ற சொல் சுமார் 750 இடங்களில் வருகிறது. பழைய தமிழ் விவிலியம் அதைப் பெரும்பாலும் 'ஆத்துமா' என்று பெயர்க்கும். விவிலியத்தின் முதல் நூலான தொடக்கநூல் 2:7இல் கடவுள் மண்ணைப் பிசைந்து, மூச்சை ஊத, "மனுஷன் ஜீவாத்துமாவானான்" என்று அதில் படிக்கிறோம். இதைப் படிப்பவர், மண்ணாலான உடலுக்குள் ஆத்துமா என்ற தனிப்பொருள் ஒன்று இறக்கி வைக்கப்பட்டதாகவே எண்ணுவார். மூலத்தில் இருப்பது 'நெஃபேஷ் ஹய்யா'. முந்தைய அதிகாரத்தில் (1:20, 24) மீன்களுக்கும் விலங்குகளுக்கும் வருவதும் அதே தொடர்தான். அங்கே அதே மொழிபெயர்ப்பு 'ஜீவஜந்துக்கள்' என்கிறது. எபிரேயத்தில் ஒரே தொடர். தமிழில் மீனுக்கு ஜந்து, மனிதருக்கு ஆத்துமா. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் "மனிதன் உயிர் உள்ளவன் ஆனான்" என்று சரியாகத் திருத்திக்கொண்டது. மனிதருக்கு நெஃபேஷ் 'தரப்படவில்லை', மனிதர் நெஃபேஷ் 'ஆனார்' என்பதை வினைச்சொல்லைப் பார்த்தாலே அறியலாம்.

அந்தச் சொல்லின் மற்றப் பயன்பாடுகளையும் பார்த்தால் ஐயம் தீரும். 69ஆம் திருப்பாடலின் தொடக்கத்தில் வெள்ளம் நெஃபேஷ் வரை வந்துவிட்டது என்று ஒருவர் கதறுகிறார். பழைய மொழிபெயர்ப்பில் அது ஆத்துமா மட்டும் பெருகிவரும் வெள்ளம். புதியதில் கழுத்தளவு வெள்ளம். தொண்டை, மூச்சு, பசி, உயிர், ஆள் என்று விரியும் சொல் அது. எண்ணிக்கை 6:6இல் பிணத்துக்கே 'இறந்த நெஃபேஷ்' என்ற பெயர் உண்டு. 'அழியாத ஆன்மா' என்ற பொருளை அந்த இடத்தில் நுழைத்துப் பாருங்கள், வாக்கியமே நகராது.

புதிய ஏற்பாட்டில் தடுக்கி விழச் செய்வது 'மாம்சம்' என்ற சொல். திருமுகங்களை எழுதிய பவுல், கிரேக்கத்தில் 'சார்க்ஸ்' (மாம்சம்) என்று சொல்வதைக் கண்டிக்கிறார். ஆகவே உடலைக் கண்டிக்கிறார் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கலாத்தியர் 5:19-21இல் மாம்சத்தின் செயல்களாக அவர் அடுக்குவதை எண்ணிப் பார்க்கலாம். இன்றைய திறனாய்வுக் கிரேக்கப் பதிப்பில் 15 இருக்கின்றன. பாலியல் ஒழுக்கக்கேடு சார்ந்தவை 3, குடியும் களியாட்டமும் 2, சிலைவழிபாடும் பில்லிசூனியமும் 2. மீதி 8? பகை, சண்டை, பொறாமை, சீற்றம், கட்சி மனப்பான்மை, பிரிவினை, பிளவு, அழுக்காறு. உடலே இல்லாத ஒரு தீய ஆவிகூடச் செய்யக்கூடியவை இவை. சார்க்ஸ் என்பது தோலும் தசையும் அன்று. கடவுளுக்கு முதுகு காட்டி நிற்கும் முழு மனிதர். 'ஊனியல்பு' என்ற புதிய சொல்லாக்கம் அதனால்தான் வந்தது. அதிலும் ஊன் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பது எங்கள் குறை.

உடலுக்குப் பவுல் வைத்திருக்கும் சொல் 'சோமா'. 1 கொரிந்தியர் 15:44இல் விதைக்கப்படுவதும் சோமா, உயிர்த்தெழுவதும் சோமா. 'ஆவிக்குரிய சரீரம்' என்றால் ஆவியால் செய்த மெல்லிய சரீரம் என்று பொருளில்லை. தூய ஆவியால் இயங்கும் சரீரம். வழிபாட்டில் கிறித்தவர் ஓதும் நம்பிக்கை அறிக்கையும் இதையே பிடித்துக்கொள்கிறது. "உடலின் உயிர்ப்பை நம்புகிறேன்" என்று கத்தோலிக்கரும், "சரீரம் உயிர்த்தெழுதலும்" என்று சீர்திருத்தச் சபையாரும் அறிக்கையிடுகிறார்கள். ஆன்மாவின் அழியாமை அந்த அறிக்கையில் ஒரு வரியாகக்கூட இல்லை.

அப்படியானால் கிறித்தவம் ஆன்மாவை மறுக்கிறதா? இல்லை. 1312இல் வியென் நகரில் ஆயர்கள் கூடிய பொதுச்சங்கம், பகுத்தறியும் ஆன்மாவே உடலின் உருவாக்கத் தத்துவம், அதாவது உடலை உயிருள்ள உடலாக்கும் வடிவம் என்று வரையறுத்தது. அரிஸ்டாட்டிலிடமிருந்து வந்த மொழி இது. மெழுகில் பதிந்த முத்திரையின் வடிவத்தையும் மெழுகையும் இரண்டு பொருள்களாகப் பிரித்து வைக்க முடியாததுபோல, ஆன்மாவும் உடலும் சேர்ந்தே ஒரு பொருள். சாவுக்குப் பின்னும் ஆன்மா நிலைத்திருக்கும் என்று 13ஆம் நூற்றாண்டு இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் வாதிட்டார். ஆனால் 1 கொரிந்தியர் 15க்கு எழுதிய விளக்கத்தில், "என் ஆன்மா நான் அல்ல" என்று அவரே வெட்டிச் சொன்னார். ஆன்மா மனிதரின் ஒரு பகுதி; பகுதி மட்டும் மீட்படைந்தால் நான் மீட்படைந்ததாகாது. உடலைவிட்டுப் பிரிந்த ஆன்மாவை 'ஆள்' என்று அழைக்கக் கூடாது என்பது அவருடைய முடிவு. சாவுக்கும் உயிர்ப்புக்கும் நடுவிலான அந்த இடைநிலையில் ஆள் தொடர்கிறாரா, ஆளின் பகுதி மட்டும் தொடர்கிறதா என்று அவருடைய மரபினரே இன்றும் மோதிக்கொள்கிறார்கள். ஆனால் உடல் வெறும் கூடு என்று அவர்களில் யாரும் சொல்வதில்லை.

இப்போது 'ஆள்' என்ற கருத்துக்கு வருகிறோம். கட்டுரை முற்றிலும் தவறவிட்டது இதைத்தான். மேற்குலகம் 'பெர்சன்' என்று இன்று பயன்படுத்தும் கருத்து, மனிதரை ஆராய்ந்து பிறந்ததன்று. கடவுளைப் பற்றியும் கிறிஸ்துவைப் பற்றியும் நடந்த வாதங்களின் உலைக்களத்தில் உருவாகி, பிறகு மனிதருக்கு வந்தது. இலத்தீனில் 'பெர்சோனா' நாடக முகமூடியையும் வழக்கில் தொடர்புடைய ஆளையும் குறித்தது. 3ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் தெர்த்துல்லியன், கடவுளில் ஒரே உள்பொருள், (தந்தை, மகன், தூய ஆவி என) மூன்று பெர்சோனா என்று எழுதினார். கிரேக்கத்தில் அதற்கு நேரான சொல் 'புரோசோபோன்', அதாவது முகம். சிக்கலும் அங்கேயே முளைத்தது: ஒரே நடிகர் மூன்று முகமூடிகளை மாட்டுவதுபோல ஒரே கடவுள் மூன்று வேடம் போடுகிறார் என்று சபெல்லியுஸ் வழியினர் சொன்னால், 'முகம்' என்ற சொல் அதற்கும் இடம் கொடுத்துவிடும். எனவேதான் 4ஆம் நூற்றாண்டில் செசரியாவின் ஆயர் பசிலியார், முகங்களை எண்ணினால் போதாது, ஒவ்வொன்றும் மெய்யான 'ஹிப்போஸ்டாசிஸ்' என்று ஒப்புக்கொள்ள வேண்டும் என்று வற்புறுத்தினார். தன்னில் தானே நிற்கும் ஒன்று என்பது அந்தச் சொல்லின் பொருள்.

அதிலும் ஒரு முடிச்சு. 325இல் நீசேயா பொதுச்சங்கம் 'ஊசியா' (உள்பொருள்), 'ஹிப்போஸ்டாசிஸ்' இரண்டையும் ஒரே பொருளில் பயன்படுத்தியிருந்தது. ஆகவே 'மூன்று ஹிப்போஸ்டாசிஸ்' என்றதும் மூன்று கடவுள்களா என்று மேற்கில் பதறினார்கள். பல ஆண்டுகள் கழித்தும், விவிலியத்தை இலத்தீனில் பெயர்த்த எரோணிமுஸ் அந்தத் தொடரில் தேனுக்கடியில் நஞ்சு மறைந்திருக்கிறது என்று உரோமை ஆயருக்குக் கடிதமே எழுதினார். 362இல் அலெக்சாந்திரியாவில் அத்தனாசியார் கூட்டிய சங்கம் இரு தரப்பையும் உட்கார வைத்து, நீங்கள் இந்தச் சொல்லால் எதைக் குறிக்கிறீர்கள் என்று கேட்டது. சொல்தான் வேறு, கருத்து ஒன்று என்று தெரிந்தது. அதன்பின் ஊசியா 'என்ன' என்ற கேள்விக்கும், ஹிப்போஸ்டாசிஸ் 'யார்' என்ற கேள்விக்கும் விடையாகப் பிரிந்து நின்றன. இந்தப் பிரிவினைதான் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் சாவி.

சாவி எப்படித் திறக்கிறது என்பதைக் கிறிஸ்துவைப் பற்றிய வாதத்தில் காணலாம். லவோதிக்கேயாவின் அப்பொல்லினாரிஸ், இயேசுவுக்கு மனித உடல் உண்டு, ஆனால் மனித மனத்தின் இடத்தில் இறைவாக்கே, அதாவது கடவுளின் மகனே, இருந்தது என்றார். ஒரு ஆளில் இரண்டு மனம் எப்படி இருக்கும் என்பது அவர் கவலை. "ஏற்றுக்கொள்ளப்படாதது குணமாக்கப்படவில்லை" என்று நசியான்சின் கிரகோரி பதிலடி கொடுத்தார். மனம்தான் முதலில் நோயுற்றது. அதைக் கிறிஸ்து ஏற்கவில்லையென்றால் நோய் அப்படியே கிடக்கும். 381இல் அப்பொல்லினாரிஸின் கருத்து கண்டிக்கப்பட்டது. 451இல் கால்செதோன் பொதுச்சங்கம், ஒரே ஆள், இரண்டு இயல்புகள், குழப்பமின்றி, மாற்றமின்றி, பிரிவின்றி, பிளவின்றி என்று வரையறுத்தது. (கால்செதோனை ஏற்காத கிழக்குத் திருச்சபைகள் இயல்பு என்ற சொல்லை வேறு கணக்கில் எண்ணுகின்றன, அவர்களும் கிறிஸ்துவின் மனிதத் தன்மையைக் குறைப்பதில்லை.)

இதிலிருந்து வருவதைக் கவனியுங்கள். இயேசுவுக்கு முழுமையான மனித மனம் உண்டு, மனித உடல் உண்டு. ஆயினும் அங்கே இரண்டாவது ஆள் ஒருவர் இல்லை. அப்படியானால் மனமும் உடலும் கூட்டிய தொகை ஆள் ஆகாது. உணர்வோ, அறிவோ, நினைவோ ஆள் ஆகாது. அவையெல்லாம் 'என்ன' என்ற பக்கத்தில் சேர்கின்றன. ஆள் என்பது அவற்றை உடையவர். 7ஆம் நூற்றாண்டில் மாக்சிமுஸ் என்ற துறவி இதையே விருப்பத்துக்கும் நீட்டினார். விருப்பம் ஆளைச் சேர்ந்தது என்றால் மூவொரு கடவுளில் மூன்று விருப்பங்கள் இருக்க வேண்டும், அதை யாரும் ஒப்பமாட்டார்கள். ஆகவே விருப்பம் இயல்பைச் சேர்ந்தது, கிறிஸ்துவுக்கு இரண்டு விருப்பங்கள் உண்டு என்றார். இந்த வாதத்துக்காக அவருடைய நாக்கும் வலக்கையும் வெட்டப்பட்டு, 662இல் நாடுகடத்தப்பட்ட இடத்தில் இறந்தார். 680-681இல் கூடிய பொதுச்சங்கம் அவருடைய கருத்தையே ஏற்றது.

மேற்கில் அதிகம் மேற்கோள் காட்டப்படும் வரையறை 6ஆம் நூற்றாண்டின் போயத்தியுஸ் எழுதியது: பகுத்தறியும் இயல்புடைய, பிரிவுபடாத தனிப்பொருள். கட்டுரை இதைப் 'பகுத்தறிவே மனிதர்' என்று சுருக்கியிருக்கிறது. அந்தச் சுருக்கத்தில் 'இயல்பு' என்ற சொல் தொலைந்துவிட்டது, அதோடு வரையறையின் உயிரும் போய்விட்டது. 'தனிப்பொருள்' என்றதால் குணம், பதவி, புகழ் ஆகியவை விலகின. 'பிரிவுபடாத' என்றதால் மனிதகுலம் என்ற பொதுமையும், கை கால் ஆன்மா போன்ற பகுதிகளும் விலகின. 'இயல்புடைய' என்றதால், பகுத்தறிவை இந்த நொடியில் பயன்படுத்துகிறாரா என்ற கேள்வியே எழவில்லை. உறங்குபவர், மயக்கத்தில் கிடப்பவர், பிறந்த குழந்தை, மறதிநோயில் தன் பெயரையே இழந்தவர் யாவரும் அந்த இயல்புடையவர்களே. 12ஆம் நூற்றாண்டில் விக்தோர் மடத்து ரிச்சர்ட், இந்த வரையறையைக் கடவுளுக்குப் பொருத்தினால் இறை இயல்பே நான்காவது ஆளாகிவிடும் என்று குறை கண்டு, பிறருக்குப் பகிர முடியாத இருப்பு என்று மாற்றிச் சொன்னார். யாரிடமிருந்து வந்தவர் என்ற உறவும் அந்த 'இருப்பு' என்ற சொல்லுக்குள் அடக்கம்.

ஆங்கிலேய மெய்யியலாளர் ஜான் லாக் 1694இல் தம் நூலின் இரண்டாம் பதிப்பில் வேறொரு வரையறையைக் கொண்டுவந்தார். தன்னைத் தானாக, வெவ்வேறு காலத்திலும் இடத்திலும் அதே ஆளாக உணரக்கூடிய சிந்திக்கும் ஒன்றே ஆள் என்றார். அன்றிலிருந்து மருத்துவ அறநெறி வாதங்களில் பாதி, இந்த இரண்டு வரையறைகளுக்கு இடையே நடக்கும் இழுபறிதான். லாக்கின்படி உணர்வு போனால் ஆள் போனார். போயத்தியுஸின்படி ஆள் நோயுற்றிருக்கிறார். இரண்டையும் ஒரே பத்தியில் கலந்து, கிறித்தவப் பார்வை என்று தலைப்பிட்டால் வாசகர் எதைப் பிடித்துக்கொள்வார்?

கடவுள் தம் சாயலில் மனிதரைப் படைத்தார் என்ற போதனை பற்றிய பகுதிக்கும் இதே வியாதி. சாயல் என்றால் அறிவாற்றல் என்று ஒரே வரியில் முடிந்திருக்கிறது. அகஸ்டின் நினைவு, அறிவு, விருப்பம் என்ற மூன்றில் சாயலைத் தேடினார் என்பது சரி. ஆனால் தொடக்கநூல் 1:26 சாயலைச் சொன்ன கையோடு ஆளுகையைச் சொல்கிறது. பண்டை அண்மைக் கிழக்கில் அரசரே தெய்வத்தின் உருவமாகக் கருதப்பட்டார் என்பதால், அந்தப் பட்டத்தை எல்லா மனிதருக்கும் கொடுத்ததுதான் இந்த வசனத்தின் துணிச்சல் என்று பழைய ஏற்பாட்டு அறிஞர் பலர் காட்டுகிறார்கள். 20ஆம் நூற்றாண்டின் சீர்திருத்தச் சபை இறையியலாளர் கார்ல் பார்த் அடுத்த வசனத்தின் 'ஆணும் பெண்ணுமாக' என்பதைப் பிடித்து, சாயல் என்பது எதிர்நின்று உறவாடுவது என்றார். கொலோசையர் 1:15 கிறிஸ்துவையே அந்தச் சாயலாக்குகிறது. அப்படியானால் சாயல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் உடைமையாக மட்டும் இல்லாமல், நாம் போய்ச் சேர வேண்டிய ஒருவராகவும் ஆகிறது. அறிவாற்றலோடு நிறுத்திக்கொள்வதால் வரும் கேடு வெளிப்படை: அறிவு குறைந்தவரிடம் சாயலும் குறைவு என்று அடுத்த வரியை யாராவது எழுதிவிடுவார்கள். எழுதியும் இருக்கிறார்கள்.

சாயல், உருவம் இரண்டும் வெவ்வேறா என்றும் கேட்பவர்கள் உண்டு. 2ஆம் நூற்றாண்டு ஆயர் இரேனியு இரண்டையும் பிரித்தார்: ஒன்று இயல்பாகத் தங்குவது, மற்றது பாவத்தால் இழந்து கிறிஸ்துவில் மீளப் பெறுவது. சீர்திருத்தவாதிகள் இது எபிரேயக் கவிதையின் இணைநடை என்று மறுத்தார்கள். தொடக்கநூல் 5:3இல் ஆதாமின் மகனைப் பற்றி அதே இரு சொற்களும் இடம் மாறி வருவதைப் பார்த்தால், இலக்கண அளவில் அவர்கள் சொல்வதே சரி. தமிழில் இன்னொரு வேடிக்கை உண்டு. 1:26இல் பழைய மொழிபெயர்ப்பு முதல் எபிரேயச் சொல்லைச் 'சாயல்' என்றும் இரண்டாவதை 'ரூபம்' என்றும் சொல்லும். திருவிவிலியத்தில் முதலாவது 'உரு', இரண்டாவது 'சாயல்'. ஆகவே தமிழ்ச் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு சாயலுக்கும் உருவுக்கும் வேறுபாடு கற்பிக்கும் பிரசங்கம், எந்த விவிலியத்தைத் திறக்கிறார் என்பதைப் பொறுத்துத் தலைகீழாகிவிடும்.

பாவத்துக்குப் பின்னும் சாயல் இருக்கிறது என்பதற்குத் தொடக்கநூல் 9:6உம் யாக்கோபு 3:9உம் சான்று. கத்தோலிக்க மறைக்கல்வி நூலின் 2267ஆம் எண் 2018இல் திருத்தப்பட்டபோது, மிகக் கொடிய குற்றம் செய்த பிறகும் ஆளின் மாண்பு அழிவதில்லை என்று எழுதப்பட்டதற்குப் பின்னால் இந்தக் கருத்துதான் நிற்கிறது. ஆனால் நேர்மையாகச் சொன்னால், கொலை செய்தவரின் இரத்தமும் சிந்தப்படும் என்று சொல்லும் அதே 9:6தான் பல நூற்றாண்டுகள் மரண தண்டனைக்கு ஆதாரமாகவும் காட்டப்பட்டது. நீசாவின் கிரகோரி 4ஆம் நூற்றாண்டிலேயே, கடவுளின் சாயலுக்கு எத்தனை காசு விலை வைத்தாய் என்று அடிமை வைத்திருந்தவரை நோக்கிக் கேட்டார். அவர் ஓதிய அதே வசனத்தை ஓதிக்கொண்டே அடிமை வாங்கியவர்களும் பின்னால் ஏராளம். கோட்பாடு சரியாக இருந்தால் நடத்தை தானாகச் சரியாகிவிடும் என்று கட்டுரை தரும் தோற்றத்தை வரலாறு தாங்காது.

இனி, தங்கள் துணையாசிரியர்களுக்குப் பயன்படக்கூடிய சொல் பற்றிய செய்தி. 'பெர்சன்' என்பதற்குக் கட்டுரை 'ஆளுமை' என்று எழுதியிருக்கிறது. இன்றைய தமிழில் ஆளுமை என்றால் குணச்சிறப்பு, அல்லது புகழ்பெற்றவர். அது கூடும், குறையும், பயிற்சியால் வளரும். ஆள் அப்படி வளர்வதோ குறைவதோ இல்லை. 'நபர்' காவல்துறைச் செய்திக்குப் பொருந்தும், இறையியலுக்கு ஒட்டாது. கத்தோலிக்கர் மூவொரு கடவுளைப் பற்றி 'மூன்று ஆட்கள்' என்றும், சீர்திருத்தச் சபையார் 'ஆள்தத்துவம்' என்றும் வழங்குகிறார்கள். ஆள், ஆள்தன்மை என்றே எழுதலாம். தமிழுக்கு இதில் ஒரு வசதியும் உண்டு: நம் இலக்கணமே யார், எது என்று உலகைப் பிரித்துவிட்டது. நன்னூல் மக்களையும் தேவரையும் நரகரையும் உயர்திணையில் வைக்கிறது. போயத்தியுஸின் வரையறை கடவுள், வானதூதர், மனிதர் மூவரையும் தழுவுவதோடு ஒப்பிட்டால் எல்லைக்கோடு ஏறக்குறைய ஒரே இடத்தில் விழுகிறது. 'ப்நெவ்மா' (ஆவி) கிரேக்கத்தில் அஃறிணைப் பாலில் நிற்கும் சொல். தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் 'ஆவியானவர்' என்றும் 'ஆவியார்' என்றும் ஒரு விகுதியைச் சேர்த்து, பசிலியார் நீளமாக வாதாடியதை முடித்துவிட்டார்கள். கட்டுரையில் 'தூய ஆவி இறங்கியது' என்று அச்சாகியிருப்பது அந்த விகுதியின் வேலையைக் கெடுக்கிறது.

'ஆன்மா' என்ற சொல்லையும் பார்த்துப் பயன்படுத்த வேண்டும். சைவ சித்தாந்தத்தில் ஆன்மா தொடக்கமில்லாதது. வேதாந்தத்தில் பிறப்பே இல்லாதது. கிறித்தவத்தில் அது படைக்கப்பட்டது. உடலுக்கு முன்பே ஆன்மாக்கள் இருந்தன என்ற ஒரிஜனின் வழிவந்த கருத்து 6ஆம் நூற்றாண்டில் கண்டிக்கப்பட்டது. 17ஆம் நூற்றாண்டில் இயேசு சபைக் குரு இராபர்ட் தெ நோபிலி தமிழில் 'ஆத்தும நிருணயம்' என்றே தனி நூல் எழுத வேண்டி வந்ததற்குக் காரணம், சொல் ஒன்றாகவும் பொருள் வேறாகவும் இருந்ததுதான். முழு மனிதரைக் குறிக்கும் இடத்தில் 'மனிதர்' என்றும், உயிர்ப்பைப் பேசும் இடத்தில் 'உடல்' என்றும் துணிந்து எழுதலாம். மனிதருக்கு உடல், ஆன்மா, ஆவி என மூன்று பகுதிகள் உண்டு என்பதைப் பொதுவான கிறித்தவப் போதனையாகக் காட்டியிருப்பதும் திருத்தத்துக்குரியது. சில சபைகள் அப்படிக் கற்பிக்கின்றன. பெரும்பாலான திருச்சபைகள் கற்பிப்பதில்லை. ஆதாரமாகக் காட்டும் வசனத்தில் பவுல் முழுமையை அழுத்திச் சொல்ல மூன்று சொற்களை அடுக்குகிறாரே தவிர, உறுப்புக் கணக்கு எடுக்கவில்லை.

இரண்டு தகவல் பிழைகளும் உண்டு. மூன்று பகுதிகளுக்கு ஆதாரமாகக் காட்டிய வசனம் 1 தெசலோனிக்கர் 5:23. கட்டுரையில் இரண்டாம் திருமுகம் என்று வந்திருக்கிறது, அதில் ஐந்தாம் அதிகாரமே கிடையாது. 'ஒரே ஊசியா, மூன்று ஹிப்போஸ்டாசிஸ்' என்ற வாய்பாட்டை 325ஆம் ஆண்டு நீசேயாவுக்கு உரியதாக்கியிருக்கிறீர்கள். அது 382இல் கான்ஸ்தாந்திநோபிளில் கூடிய ஆயர்கள் மேற்குத் திருச்சபைக்கு அனுப்பிய கடிதத்தில்தான் அந்த வடிவில் இருக்கிறது.

இப்படிக்கு,
இறையியல் கற்பிப்போர் சிலர்